கல் விழும் பீமுக்கு எந்தக் கணினி மாதிரி?

ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019-இல் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டங்களாகிவிட்டன. பிரிந்தாலும் மூன்றிலும் மலையும் குவாரியும் கிரஷரும் உண்டு. கிரஷரில் டிப்பர் பின்பக்கமாக வந்து நின்று ஹாப்பருக்குள் (கல்லை வாங்கிக்கொள்ளும் பெரிய புனல்) கல்லைக் கொட்டும். ஹாப்பரின் வாயோரம் கான்கிரீட் பீம் போட்டிருந்தால், கொட்டுகிற கல்லில் ஒன்றிரண்டு அதன் மேலேயே விழும். இரண்டடி குறுக்களவுள்ள கருங்கல் ஏறக்குறைய 300 கிலோ இருக்கும். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் பீமைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 6 மீட்டருக்கு மேல், ஆற்றல் 5.9 கிலோ ஜூல்.

இந்தப் பீமைப் பற்றி முதலாளி கேட்கும் கேள்விகள் நேரானவை. தாங்குமா? விரிசல் எங்கே வரும்? வந்தால் பூசினால் போதுமா, இடித்துவிட்டு மாற்ற வேண்டுமா? இதற்குப் பதில் சொல்ல வேண்டிய இன்ஜினியர் கணினியைத் திறந்ததும் அரை டஜன் வழிகள் முன்னால் நிற்கும். எம்.இ., எம்.டெக். ப்ராஜெக்ட்டுக்கு இதே தலைப்பை எடுக்கும் மாணவர்களுக்கும் அதே குழப்பம்தான். அவர்கள் பெரும்பாலும் புதிதாகக் கேள்விப்பட்ட முறையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அந்த முறை அவர்களைப் பிடித்துக்கொள்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பி போட்ட பீமில் கல்லோ சுத்தியலோ விழுவதைக் கணக்கிட, பீமைச் சிறு துண்டுகளாக (எலிமென்ட்) பிரித்துக் கணக்கிடும் பழைய ஃபைனைட் எலிமென்ட் முறையில் சேதத்தைப் பரப்பிக் காட்டும் கான்கிரீட் மாதிரியே பெரும்பாலான நேரங்களில் சரியான தேர்வு. அதை எக்ஸ்பிளிசிட் முறையில், அதாவது நேரத்தை மிகச் சிறு படிகளாக நகர்த்தி, ஓட்ட வேண்டும். புதிய முறைகளுக்குச் செலவழிக்க நினைக்கும் நேரத்தையும் பணத்தையும் கான்கிரீட்டின் முறிவு ஆற்றலை, அதாவது விரிசல் திறக்கச் செலவாகும் ஆற்றலை, அளப்பதில் போட்டால் விடை அதிகம் திருந்தும். இந்த முடிவுக்கான காரணங்களும், எந்தச் சூழலில் இது மாறும் என்பதும் கீழே.

முதல் மில்லி நொடியில் நடப்பது

எந்த முறையை எடுத்தாலும் அது காட்ட வேண்டியது என்ன என்று தெரியாமல் ஒப்பிட முடியாது. கல் பீமைத் தொடும் கணத்தில் தாங்கிகளுக்கு ஒன்றும் தெரியாது. எம்30 (கியூப் வலிமை 30 மெகாபாஸ்கல்) கான்கிரீட்டில் அழுத்த அலை நொடிக்குச் சுமார் 3,400 மீட்டர் போகும். மூன்று மீட்டர் ஸ்பேனில் (தாங்கிகளுக்கு இடையேயான தூரம்) நடுவிலிருந்து தாங்கிவரை 1.5 மீட்டர் கடக்க மிக வேகமான அலைக்கே 0.4 மில்லி நொடிக்கு மேல் ஆகும். பீம் வளையும் அசைவு அதைவிட மெதுவாகத்தான் பரவும். அதுவரை கல்லுக்கு அடியில் இருக்கும் குறுகிய துண்டு மட்டும் கீழே இறங்கப் பார்க்கிறது. இருபுறமும் உள்ள மிச்சப் பீம் தன் எடையின் நிலைமத்தால் அசையாமல் நிற்கிறது. இந்த இழுபறியில் கல் தொட்ட இடத்திலிருந்து கீழ்நோக்கி இருபுறமும் சாய்வாக, ஏறத்தாழ 45 டிகிரியில், இரண்டு விரிசல்கள் இறங்குகின்றன. நடுவில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்று பிரிந்து நிற்கும். ஷியர் பிளக் என்று ஆய்வுக் கட்டுரைகளில் வருவது இதுதான்.

அதே நேரத்தில் கொஞ்சம் தள்ளி, பீம் எதிர்ப்பக்கமாக வளைகிறது. அங்கே விரிசல் மேலிருந்து கீழே வரும். தாங்கிகளில் முதலில் மேல்நோக்கிய உதைகூடப் பதிவாகலாம். அப்புறம்தான் பீம் முழுதாகக் கீழே வளைந்து, நடுவில் அடியிலிருந்து செங்குத்து விரிசல்கள் கிளம்பும். முதலில் வாய் திறந்த மேல் விரிசல்கள் இப்போது அழுத்தத்தில் மூடிக்கொள்ளும். உச்சத்தைத் தொட்டதும் பீம் திரும்பி எழும். எல்லாம் சில பத்து மில்லி நொடிகளுக்குள் முடிந்துவிடும்.

இதனால்தான் மெதுவாகச் சுமை ஏற்றினால் வளைந்து தோற்கும் பீம், அடிபட்டால் ஷியரில், அதாவது குறுக்கே வெட்டுப்பட்டு, தோற்க முடியும். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் சாட்சியும் வெக்கியோவும் செய்து 2009-இல் வெளியிட்ட சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. 4.88 மீட்டர் நீளப் பீம்களின் மேல் 211 கிலோ, 600 கிலோ எடைகளை 3.26 மீட்டரிலிருந்து, அதாவது நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில், விழவிட்டார்கள். ஷியருக்குப் போதுமான ரிங் (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) போட்ட பீம்களிலும் அந்தச் சாய்வு விரிசல்கள் வந்தன. ஹாப்பர் பீமில் ரிங் இடைவெளியை ஓரத்தில் நெருக்கி நடுவில் விரித்துப் போடும் வழக்கம் இங்கே உண்டு. நிலைச் சுமைக்கு அது சரிதான். கல் நடுவில் விழும் பீமுக்கு ரிங் மிகத் தேவைப்படும் இடத்தில் குறைவாக இருக்கிறது என்று பொருள்.

ஆக, மாதிரி காட்ட வேண்டியவை நான்கு: சாய்வு விரிசல், மேல் விரிசல், அவை வரும் வரிசை, மூடிய விரிசல் மறுபடி அழுத்தம் தாங்குவது.

கணினியே வேண்டாம் என்ற வழி

இதையும் ஒரு தேர்வாக வைத்துப் பார்க்க வேண்டும். நிலைமத்தை உள்ளடக்கிய விசையாக மாற்றிக் கையால் போடும் கணக்கு இன்னும் செல்லும். பாலத் தூணில் வண்டி மோதுவதற்குச் சாலைப் பால விதி நூலான ஐ.ஆர்.சி. 6 தருவதும் நிலை விசைதான்: சாலையின் திசையில் 100 டன், குறுக்கே 50 டன்.

நம் பீம் 300க்கு 600 மி.மீ., ஸ்பேன் 3 மீட்டர், அடியில் நான்கு 16 மி.மீ. கம்பி, எஃப்.இ.500 தரம் என்று வைப்போம். பீமின் எடை 1,350 கிலோ. நடுவில் பிளாஸ்டிக் கீல் (கம்பி நிரந்தரமாக நீண்டு பீம் கீல்போலத் திரும்பும் இடம்) விழும் வடிவத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு, 450 கிலோ, கல்லோடு சேர்ந்து அசைவதாக எடுக்கலாம். மோதலில் உந்தம் பகிர்ந்த பிறகு மிஞ்சும் ஆற்றல் 5.9-இல் 40 சதவீதம், சுமார் 2.4 கிலோ ஜூல். வளைவுத் திறன் 200 கிலோநியூட்டன் மீட்டர், அதற்கான நடுச்சுமை 267 கிலோநியூட்டன். வகுத்தால் இறக்கம் 9 மி.மீ. வருகிறது. ஒரு டீ குடிக்கும் நேரத்தில், வளைவில் பீம் உடைந்து விழாது என்று தெரிந்துவிடுகிறது.

முதலாளிக்கு வேண்டியது அது மட்டும் என்றால் இதோடு நிறுத்தலாம். ஆனால் ஷியர் பிளக்கைப் பற்றி இந்தக் கணக்கு வாயே திறக்காது, விரிசல் அகலத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது. அடுத்தடுத்த கல்லில் சேதம் சேர்ந்துகொண்டே போவதையும் இதில் பார்க்க முடியாது. அந்தக் கேள்விகள் இருந்தால்தான் கணினி. இருந்தாலும் இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் மாதிரியைத் திறக்கக் கூடாது என்பேன். மாதிரி 60 மி.மீ. இறக்கம் காட்டினால் எங்கோ தவறு என்று உடனே தெரிய வேண்டாமா?

சேதத்தைப் பரப்பும் மாதிரி

விரிசலைத் தனிக் கோடாக வரையாமல், அது போகும் எலிமென்ட்டுகளின் விறைப்பையும் வலிமையையும் குறைத்துக்கொண்டே போவது இந்த முறை. 1968-இல் ரஷீத் தொடங்கிய வழி. 1983-இல் பாஜான்ட்டும் ஓவும் கொடுத்த கிராக் பேண்டு கருத்து இதற்கு முதுகெலும்பு. எலிமென்ட் சிறிதோ பெரிதோ, ஒரு சதுர மீட்டர் விரிசல் திறக்கச் செலவாகும் ஆற்றல் மாறாதபடி, மென்மையாகும் வளைகோட்டை எலிமென்ட்டின் அளவுக்கு ஏற்ப நீட்டவோ குறுக்கவோ செய்வார்கள். இதைச் செய்யாவிட்டால் மெஷ்ஷை (எலிமென்ட்டுகளின் வலை) பொடியாக்க ஆக்கப் பீம் கண்ணாடிபோல உடையும். விடை மெஷ்ஷைப் பொறுத்ததாகிவிடும்.

அபாகஸ் மென்பொருளில் உள்ள கான்கிரீட் டேமேஜ்டு பிளாஸ்டிசிட்டி மாதிரி 1989-இல் லுப்ளினரும் மற்றவர்களும், 1998-இல் லீயும் ஃபென்வஸும் செய்த வேலைகளின் மேல் நிற்கிறது. விரிசல் மூடினால் அழுத்த விறைப்பு திரும்பக் கிடைப்பது அதில் தானாகவே அமைந்திருக்கிறது. மேல் விரிசல் மூடும் கதைக்கு இது கட்டாயம் வேண்டும். எல்எஸ்-டைனா மென்பொருளில் தேர்வுகள் அதிகம். அதில் 159-ஆம் எண் மாதிரி அமெரிக்க நெடுஞ்சாலைத் துறைக்காக, சாலையோரத் தடுப்பில் வண்டி மோதுவதைக் கணக்கிட உருவாக்கியது. வலிமையும் ஜல்லி அளவும் கொடுத்தால் மற்ற எண்களைத் தானே நிரப்பிக்கொள்ளும். 72-ஆம் எண் வெடிப்பு, குண்டுச் சுமை வேலைகளில் அதிகம் பயன்பட்டது. 84-ஆம் எண்ணான வின்ஃப்ரித் மாதிரி விரிசல் தளங்களையும் அகலத்தையும் தனிக் கோப்பில் எழுதித் தரும், படத்தில் கோடாகப் பார்க்கலாம்.

கல் விழும் வேகத்துக்கு 159 என் முதல் தேர்வு. இதுவரை சொன்ன வேகமும் வலிமையும் அது உருவான எல்லைக்குள் வசதியாக அடங்குகின்றன. அபாகஸ் கையில் இருந்தால் அதை விட்டுவிட்டு இதற்காக ஓட வேண்டியதில்லை, இரண்டும் இந்த வேலைக்குப் போதும்.

செலவைப் பார்ப்போம். நம் பீமை 10 மி.மீ. எலிமென்ட்டாகப் பிரித்தால் 5.4 லட்சம் வரும். 20 மி.மீ. என்றால் 67,500 போதும். நேரப் படியை நிர்ணயிப்பது கான்கிரீட் அல்ல, கம்பி. எஃகில் அலை நொடிக்கு 5,100 மீட்டர் போவதால் 10 மி.மீ. கம்பி எலிமென்ட்டுக்குப் படி 2 மைக்ரோ நொடிக்குள் இருக்க வேண்டும். 30 மில்லி நொடி நிகழ்வுக்கு ஏறத்தாழ 15,000 படிகள். ஒரு நல்ல டெஸ்க்டாப்பில் ராத்திரி போட்டுவிட்டுப் போனால் காலையில் முடிந்திருக்கும். ஒரு நாளில் விடை வந்தால்தான் அளவுகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க மனம் வரும். இந்த முறையின் பெரிய பலம் அதுவே.

குறைகளும் உண்டு, அவற்றை மூடி மறைக்கக் கூடாது. சதுரம் சதுரமாக அடுக்கிய மெஷ்ஷில் விரிசல் எலிமென்ட் வரிசையோடு செங்குத்தாகப் போகவே விரும்பும். 45 டிகிரி விரிசல் படிக்கட்டுபோல ஏறி இறங்கும், உண்மையைவிட அதிக ஆற்றலைத் தின்னும். மெஷ்ஷைச் சற்றுத் திருப்பி மறுபடி ஓட்டி, விரிசல் இடம் மாறுகிறதா என்று பார்ப்பதே இதற்குச் சோதனை. இன்னொன்று, நேரம் மிச்சம் என்று கால் பங்குப் பீமை மட்டும் மாதிரி செய்வது. உண்மையான பீமில் ஒரு பக்கச் சாய்வு விரிசல் முந்திக்கொண்டு அகலும், மறுபக்கம் பின்தங்கும். கால் பங்கு மாதிரியில் அது நடக்கவே முடியாது. முழுப் பீமை ஓட்டுங்கள். கம்பியும் கான்கிரீட்டும் வழுக்காமல் ஒட்டியிருப்பதாக எடுத்தால் நடுவிரிசல் நெருக்கமாகப் பல இடங்களில் பரவும், ஒவ்வொன்றின் அகலமும் குறைவாகத் தெரியும். அகலம்தான் கேள்வி என்றால் பிடிமான வழுக்கலையும் சேர்க்க வேண்டும். சேதமான எலிமென்ட்டை நீக்கும் வசதியைத் தாராளமாகத் திறந்துவிட்டால் படம் அழகாக உடையும். ஆனால் நீக்கிய எலிமென்ட்டோடு எடையும் அழுத்தத் திறனும் மறைந்துபோகும்.

தனிக் கோடாக விரிசல்: இரண்டு வழிகள்

எக்ஸ்-எஃப்.இ.எம். 1999-இல் பெலிச்கோவின் குழு கொண்டுவந்த அழகான யோசனை. விரிசல் மெஷ்ஷை வெட்டிக்கொண்டு போகும், மெஷ்ஷை மாற்ற வேண்டாம். ஆனால் அபாகஸில் அது ஸ்டாண்டர்ட் என்ற பிரிவில் மட்டுமே உண்டு, மோதலுக்கு வேண்டிய எக்ஸ்பிளிசிட் பிரிவில் கிடையாது. கிளை பிரிவதும் அங்கே வராது. நாட்ச் (அறுத்த பிளவு) போட்ட ஒரு சிறு பீமில் ஒற்றை விரிசலை மெதுவாக வளர்க்க அதை வையுங்கள். டஜன் விரிசல் ஒன்றையொன்று வெட்டும் மோதலுக்கு வேண்டாம்.

எலிமென்ட்டுகளின் இடையே ஒட்டுத் தளங்களை வைக்கும் கோஹெசிவ் முறை மோதலுக்கு உரியதே. 1976-இல் ஹில்லர்போர்க் கான்கிரீட்டுக்குத் தந்த கற்பனை விரிசல் கருத்து இதற்கு அடிப்படை. 1994-இல் ஷூவும் நீடில்மனும் எல்லா முகங்களிலும் முதலிலேயே ஒட்டு வைத்தார்கள். 1996-இல் கமாச்சோவும் ஓர்டிஸும் தேவைப்படும் இடத்தில் மட்டும் புகுத்தினார்கள். துண்டு துண்டாக உடைவது, துண்டுகள் மோதிக்கொள்வது எல்லாம் இயல்பாக வரும். விலை என்ன? நான்முகி மெஷ்ஷில் ஒவ்வொரு எலிமென்ட்டும் தன் நோடுகளை (மூலைப் புள்ளிகளை) தனியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால் நோடு எண்ணிக்கை இருபது மடங்கு அளவுக்கு உயரும். எல்லாத் தளமும் முதலிலேயே இருந்தால் அடிபடும் முன்பே பீம் கொஞ்சம் தொளதொளப்பாக நடந்துகொள்ளும். கம்பி இல்லாத சிறு சோதனைத் துண்டுக்கும் இரு பரிமாணக் கணக்குக்கும் நான் இதைச் சிபாரிசு செய்வேன். முழு ஹாப்பர் பீமுக்குச் செய்ய மாட்டேன்.

மாணவர்களை இழுக்கும் இரண்டு

ஃபேஸ் ஃபீல்டு முறையில் விரிசலை வழிநடத்த வேண்டியதே இல்லை. 1998-இல் ஃபிராங்க்ஃபோர்ட்டும் மரிகோவும் விரிசலை ஆற்றல் குறைப்புக் கணக்காக எழுதினார்கள், 2000-இல் பூர்டின் அதைக் கணினிக்குக் கொண்டுவந்தார், 2010-இல் மீஹே பொறியாளர்களிடம் பரப்பினார். விரிசல் கிளம்புவது, கிளைப்பது, சேர்வது எல்லாம் சமன்பாட்டிலிருந்தே வரும். படங்களைப் பார்த்தால் மயக்கம் வரும், நியாயமான மயக்கம்தான்.

ஆனால் கான்கிரீட்டுக்கு எண்களைப் போட்டுப் பாருங்கள். எம்30-க்குக் கான்கிரீட் விதி நூலான ஐ.எஸ். 456 தரும் விறைப்பு 27,400 மெகாபாஸ்கல். இழுவிசை வலிமை 2.7, முறிவு ஆற்றல் மீட்டருக்கு 100 நியூட்டன் என்று எடுப்போம். பழைய, எளிய வகை ஃபேஸ் ஃபீல்டில் வலிமை தனி எண்ணாக நுழையாது. விரிசல் பரவும் நீள அளவே வலிமையை முடிவு செய்யும். மேற்சொன்ன எண்களுக்கு அந்த நீளம் 40 மி.மீ. வருகிறது. விரிசலின் மங்கிய பட்டை அதைப் போலப் பல மடங்கு அகலும். கம்பியை மூடும் கான்கிரீட்டான கவரே 30, 40 மி.மீ. இருக்கும் பீமில் இதை வைத்து எந்த விரிசல் எங்கே என்று எப்படிச் சொல்வது? நீளத்தைக் குறைத்தால் வலிமை ஏறிவிடும். 2017-இல் ஜியான்-யிங் வூ கொடுத்த கோஹெசிவ் வகை ஃபேஸ் ஃபீல்டு இந்த முடிச்சை அவிழ்த்தது. அதில் வலிமையும் மென்மையாகும் கோடும் தனியாக நுழையும். ஃபேஸ் ஃபீல்டுதான் வேண்டும் என்றால் அந்த வகையை எடுங்கள். நிரல் எழுதத் தெரிந்த, இரண்டு ஆண்டு கையில் உள்ள ஆய்வு மாணவருக்கு அது நல்ல வேலை. ஓர் அரையாண்டு ப்ராஜெக்ட்டுக்குள் கம்பி, தொடுகை, வேக விளைவு எல்லாவற்றையும் அதில் சேர்த்து முடிப்பது நடக்காது.

பெரிடைனமிக்ஸ் 2000-இல் சாண்டியா ஆய்வகத்தின் சில்லிங் எழுதியது. பொருளைப் புள்ளிகளாக எடுத்து, ஒவ்வொரு புள்ளியையும் ஒரு வட்டத்துக்குள் இருக்கும் அண்டைப் புள்ளிகளோடு பிணைக்கிறது. பிணைப்பு அறுந்தால் விரிசல். வகைக்கெழு இல்லாததால் விரிசல் முனையில் சமன்பாடு உடையாது. அதற்கான சாண்டியாவின் மென்பொருள் பெரிடிஜிம் இலவசமாகவே கிடைக்கிறது.

நம் பீமில் புள்ளி இடைவெளி 10 மி.மீ. என்றால் 5.4 லட்சம் புள்ளிகள். வட்டம் மூன்று இடைவெளி ஆரம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 122 அண்டைகள், மொத்தம் மூன்று கோடிக்கு மேல் பிணைப்புகள். ஒவ்வொரு படியிலும் இத்தனையையும் தொட வேண்டும். அதைக்கூட நல்ல கிராபிக்ஸ் அட்டை சமாளிக்கும். எனக்குக் கவலை வேறு. 16 மி.மீ. கம்பியின் குறுக்கே இரண்டு புள்ளிகூட ஒழுங்காக விழாது. மேற்பரப்புக்கு அருகில் உள்ள புள்ளிக்கு அண்டைகள் குறைவு, அதனால் அங்கே பொருள் உண்மையைவிட இளகித் தெரியும். விரிசல் கிளம்பும் கவர் பகுதியே அதுதான். எளிய பிணைப்பு வகையில் பாய்சான் விகிதம் (நீளும்போது பக்கவாட்டில் எவ்வளவு குறுகும் என்பது) 0.25 என்று பூட்டப்பட்டிருக்கும், கான்கிரீட்டுக்கு 0.2. இதைவிட முக்கியமானது, எளிய வகையில் பிணைப்பு ஒரே அடியில் அறுந்துவிடுகிறது. கான்கிரீட் அப்படி உடைவதில்லை. விறைப்பை முறிவு ஆற்றலால் பெருக்கி, வலிமையின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் நீளம் மேற்சொன்ன எண்களுக்கு 375 மி.மீ. நம் பீமின் உயரமே 600. அதாவது விரிசலின் முன்னால் மெதுவாக விட்டுக்கொடுக்கும் பகுதி பீமின் அளவோடு ஒப்பிடத்தக்கது. அதைக் கணக்கில் எடுக்காமல் கண்ணாடிக்கு உரிய விதியைப் போட்டால், கிளைத்த விரிசல் படம் அழகாக வரும், விசை தப்பாக வரும். மென்மையாகும் பிணைப்பு விதியும், ஒரு பிணைப்பின் விசை மற்றப் பிணைப்புகளையும் பொறுத்திருக்கும் 'நிலை சார்ந்த' வகையும் போட்டால் இவற்றில் பெரும்பகுதி சரியாகும், அதற்கான உழைப்பும் கூடும்.

பெரிடைனமிக்ஸ் வெல்லும் இடம் ஒன்று இருக்கிறது. துண்டுகள் சிதறிப் பறப்பது, அடியில் கவர் உரிந்து விழுவது, குண்டு துளைப்பது. ஹாப்பருக்கு அடியில் ஆள் நிற்கும் இடம் இருந்து, உரியும் கான்கிரீட் துண்டுதான் ஆபத்து என்றால் நான் என் வாதத்தைத் திரும்ப எண்ணிப் பார்ப்பேன்.

ஜல்லியையே தனித்தனித் துகளாக எடுக்கும் எல்.டி.பி.எம். பற்றி ஒரு வரி: 2011-இல் குசாட்டிஸ் குழு வெளியிட்டது, கான்கிரீட் எப்படி உடைகிறது என்ற இயற்பியலுக்கு இவற்றில் மிக நெருக்கமானது. முழுப் பீமுக்குத் துகள் லட்சக்கணக்கில் போகும், அளவுருக்களைப் பொருத்தப் பல சோதனைகள் வேண்டும். ஆய்வகம் பக்கத்திலேயே இருந்தால் மட்டும்.

உள்ளே போடும் எண்கள்

முறைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிட, உள்ளே போடும் எண்களின் வித்தியாசம் பெரிது. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

நாம் அளப்பது 150 மி.மீ. கியூப். மென்பொருள் கேட்பது சிலிண்டர். எம்30-க்குக் கலவை வடிவமைப்பின் இலக்கு சராசரி 38 மெகாபாஸ்கல் கியூபில், சிலிண்டரில் அது சுமார் 31. கியூப் ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே தட்டினால் கால் பங்கு அதிக வலிமையுள்ள பீமை ஓட்டிக்கொண்டிருப்போம்.

அடுத்தது முறிவு ஆற்றல். அதே சிலிண்டர் வலிமைக்கு, 20 மி.மீ. ஜல்லிக்கு, 1990 சி.இ.பி. மாடல் கோடு என்ற கான்கிரீட் விதி நூல் கொடுப்பது மீட்டருக்கு ஏறத்தாழ 76 நியூட்டன். அதற்குப் பின் வந்த 2010 ஃபிப் மாடல் கோடு என்ற நூல் கொடுப்பது ஏறத்தாழ 135. இரண்டும் மதிப்புள்ள ஆவணங்கள். இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பரப்பும் மாதிரியா பெரிடைனமிக்ஸா என்ற விவாதம் இந்த இடைவெளிக்கு முன்னால் சிறிது. இந்தப் பக்கத்துக் கருங்கல் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் எந்த எண் பொருந்தும் என்று சூத்திரத்தால் சொல்ல முடியாது, அளந்துதான் ஆக வேண்டும்.

அளப்பது இப்படி. கட்டுமானப் பொருள் ஆய்வுக்கான சர்வதேச அமைப்பான ரைலம் 1985-இல் பரிந்துரைத்த மூன்று புள்ளி வளைவுச் சோதனை. 20 மி.மீ. ஜல்லிக்கு 100 மி.மீ. அகலம், 200 மி.மீ. உயரம், ஒரு மீட்டருக்குச் சற்று மேல் ஸ்பேன். நடுவில் உயரத்தின் பாதிவரை வைரத் தட்டால் அறுத்த நாட்ச். மேலே சுமை, நாட்ச்சின் வாயில் திறப்பை அளக்கும் கிளிப். மெஷின் சுமையைப் பார்த்து ஓடக் கூடாது, திறப்பைப் பார்த்து ஓட வேண்டும். இல்லாவிட்டால் உச்சச் சுமையைத் தாண்டியதும் பீம் படாரென்று இரண்டாகும், நமக்கு வேண்டிய இறங்கு கோடு போய்விடும். சுமை, இறக்கக் கோட்டின் அடியில் உள்ள பரப்போடு பீமின் சொந்த எடை செய்த வேலையைச் சேர்த்து, அறுபடாத முகத்தின் பரப்பால் வகுத்தால் விடை. சொந்த எடையை விட்டுவிடாதீர்கள், இந்த அளவுப் பீமில் அது சிறிதல்ல. இப்படி ஓடும் மெஷின் உள்ளூர்க் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் தரமணியில் எஸ்.இ.ஆர்.சி. என்ற கட்டமைப்பு ஆய்வு மையம் இருக்கிறது, காட்பாடியிலிருந்து சென்னை ரயிலில் இரண்டு மணி நேரம்தான்.

வேக விளைவைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். வேகமாக இழுத்தால் கான்கிரீட்டின் வலிமை ஏறும், அது உண்மை. ஆனால் வேகமான அழுத்தச் சோதனைகளில் தெரியும் ஏற்றத்தில் ஒரு பங்கு, பக்கவாட்டு நிலைமம் சோதனைத் துண்டை இறுக்கிப் பிடிப்பதால் வருவது. முப்பரிமாணக் கணினி மாதிரி அந்த நிலைமத்தைத் தானே கணக்கிட்டுவிடும். அதற்கு மேல் முழு ஏற்றக் காரணியையும் போட்டால் ஒரே விளைவை இருமுறை எண்ணுகிறோம். இழுவிசைக்குக் காரணி போடுங்கள், அழுத்தத்துக்கு இந்த வேகத்தில் போடாமலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

சரி, எப்படித் தொடங்குவது

சொந்தப் பீமில் தொடங்க வேண்டாம். ஃபுஜிகாகேயும் குழுவும் 2009-இல் வெளியிட்ட சோதனையை முதலில் ஓட்டுங்கள்: 150க்கு 250 மி.மீ. பீம், ஸ்பேன் 1.4 மீட்டர், 400 கிலோ சுத்தியல். 1.2 மீட்டரிலிருந்து விழுந்தால் 4.7 கிலோ ஜூல், 2.4 மீட்டரிலிருந்து 9.4. நம் கல்லின் 5.9 அதற்கு நடுவில் விழுகிறது. உச்ச விசையை மட்டும் பொருத்திவிட்டு நிறுத்தாதீர்கள். சுத்தியலில் பதிவாகும் விசையில் பெரும்பகுதி பீமை அசைக்கவே போகிறது, பீமை வளைக்கும் விசை அதைவிட மிகக் குறைவு. அதனால் நடு இறக்கம், விரிசல் படம் இவற்றோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஷியரைச் சோதிக்க டொரன்டோ பீம்களில் ஒன்றை ஓட்டுங்கள், அங்கே தாங்கி விசையையும் ஒப்பிடுங்கள். தாங்கியில் பீம் எழும்பாமல் பிடித்திருந்தார்களா என்று படித்து அப்படியே மாதிரியில் வையுங்கள். மொத்த ஆற்றல் மாறாமல் நிற்க வேண்டும். ஒற்றைப் புள்ளி எலிமென்ட் போட்டிருந்தால் அவர்கிளாஸ் ஆற்றல் (எலிமென்ட் பொய்யாக நெளிவதைத் தடுக்கச் செலவாவது) உள் ஆற்றலில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

லைசென்ஸ் வாங்க வசதி இல்லாத சின்ன ஆபீஸுக்கு, 2022-இல் ஆல்டேர் திறந்துவிட்ட ஓபன்ரேடியாஸ் இருக்கிறது. எக்ஸ்பிளிசிட் சால்வர், கம்பியுள்ள கான்கிரீட்டுக்கான மாதிரி ஒன்றும் உள்ளே உண்டு. கற்க நேரம் பிடிக்கும், காசு பிடிக்காது. கல்லூரியில் அபாகஸ் இருக்கும் மாணவர் அதிலேயே இருக்கலாம். அவருடைய ஆய்வின் புதுமை மென்பொருளில் இருக்க வேண்டியதில்லை. உள்ளூர் ஜல்லி, எம்-சாண்ட் கான்கிரீட்டின் முறிவு ஆற்றலை அளந்து, நடுவில் ரிங் இடைவெளியை 200-இலிருந்து 100 மி.மீ. ஆக்கினால் ஷியர் பிளக் எவ்வளவு அடங்குகிறது என்று காட்டினாலே, கிரஷர்காரர் நாளைக்கே பயன்படுத்துவார்.

டிசைன் ஆபீஸில் இருப்பவருக்கு வரிசை இதுதான்: முதலில் கைக்கணக்கு. பிறகு 20 மி.மீ. மெஷ்ஷில் முழுப் பீம், 76, 135 என்ற இரு எல்லை முறிவு ஆற்றலுக்கும் ஒவ்வோர் ஓட்டம். இரண்டிலும் ரிங்குகள் யீல்டு ஆகவில்லை (நிரந்தரமாக நீளவில்லை), சாய்வு விரிசல் முழுதாகத் திறக்கவில்லை என்றால் மேலே போக வேண்டாம், ரிப்போர்ட் எழுதிவிடலாம். ஒன்றில் தாங்கி மற்றொன்றில் தாங்காவிட்டால்தான் சோதனைக்குப் பணம் கேளுங்கள். இரண்டிலும் தாங்காவிட்டால் கணக்கை நிறுத்திவிட்டு, பீமின் மேல் ரயில் ஸ்லீப்பரோ பழைய கன்வேயர் ரப்பரோ போட்டு அடியை வாங்க வைக்கும் வழியைப் பேசுங்கள். மோதல் நேரம் நீண்டால் உச்ச விசை குறையும், அந்த ரப்பரை அதே மாதிரியில் ஓர் அடுக்காகச் சேர்த்து எத்தனை மி.மீ. தடிமன் வேண்டும் என்று அன்றைக்கே பார்த்துவிடலாம்.